டிரையருக்கு வந்த காய்ச்சல்

மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டமொன்றில், 1927ஆம் ஆண்டு மாரியம்மன் திருவிழா ஞாயிற்றுக்கிழமை, தேயிலை உலர்த்தும் டிரையருக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல் அடித்தது. சாமி புறப்பாட்டுக்காக அடுப்பை முதல் நாளே அணைத்திருந்தார்கள். தட்டுகளில் ஓர் இலைகூட இல்லை. அந்த வாரம் தெல்தெனியச் சந்தையில் செத்தல் மிளகாய் விலை ஏறியது போல இதுவும் நடந்தது.

முதலில் அறிந்தவர் அழகர். ஸ்டோர் என்று தோட்டத்தார் சொல்லும் தொழிற்சாலையில் டிரையருக்குத் தீப் போடுகிறவர். கதவில் உள்ளங்கையை வைத்தாலே அதற்கு என்ன செய்கிறது என்று சொல்லிவிடுவார். வாரம் ஒரு நாள் நிறுத்தி, கரி சுரண்டி, எண்ணெய் விட்டு, மரையாணிகளை முறுக்க வேண்டும் என்று அவர் கேட்கும்போதெல்லாம், உடைந்தால் பார்ப்போம் என்பார் தோட்டத்தை நடத்தும் துரை. முந்தின வருடம் விசிறியின் வார் அறுந்து இரண்டு நாள் கொழுந்து அழுகியபோது, பழியும் அழகர் தலையில்தான் விழுந்தது. இன்னொரு தரம் டிரையர் நின்றால் வேலைப் பதிவிலிருந்து பேரை வெட்டிவிடுவதாகத் துரை சொல்லியிருந்தார். பேர் வெட்டினால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போய்விடும். நிறைமாதக்காரி மனைவி யசோதாவைக் கூட்டிக்கொண்டு எந்த ரோட்டில் போய் நிற்பது என்று நினைத்து நினைத்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று கதவில் வைத்த கை சுட்டதும், காவல்காரர் சின்னமுத்துவிடம் அழகர் சொல்லி அனுப்பினார்: "டிரையர்ல காய்ச்சல் சரியில்லைங்க. ஐயாவ ஒரு தரம் வந்து பாக்கச் சொல்லுங்க." இலை காய்கிற விதம் இனிச் சரிவராது என்பதை அவர் அப்படித்தான் சொல்வார், ஐயா என்றது ஸ்டோர் அதிகாரியான டீ மேக்கரை. ஆனால் தோட்டத்தில் காலில் சப்பாத்துப் போட்ட எல்லோரும் ஐயாதானே! சின்னமுத்து வழியில் கண்ட முதல் ஐயாவிடம் சேதியைச் சொல்லிவிட்டுத் தேர் பார்க்கப் போய்விட்டார். அந்த ஐயா, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தோட்டத்தில் வைத்தியம் பார்த்த மருந்தையா பொன்னுத்துரை. காய்ச்சல் என்றால் அவருக்கு ஒன்றுதான். "ஓம், வாறன்" என்று பையைத் தூக்கினார். ஸ்டோருக்கு வந்து ஆர் நோயாளி என்று கேட்டார். அழகர் கூச்சத்தோடு டிரையரைக் காட்டினார். இவ்வளவு தூரம் ஏறி வந்த மனிதர் சும்மா திரும்புவாரா? தர்மாமீட்டரைக் கதவிடுக்கில் செருகி மணிக்கூட்டைப் பார்த்தார். நூற்று மூன்று. நாடி பிடிக்க வழியில்லாததற்கு மட்டும் வருந்தினார். காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினாக் கலவையில் ஓர் அவுன்ஸை எண்ணெய்க் கிண்ணத்தில் விட்டு, இரண்டு நாள் ஓய்வு என்று சுகவீனச் சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

மருந்தையாவின் சீட்டு உள்ள யாரையும் வேலைக்குக் கூப்பிடக் கூடாது என்பது துரையே போட்ட சட்டம். அவர் சீட்டை இரண்டு தரம் வாசித்தார். நோயாளி மனிதனாக இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. அந்த இரண்டு நாளில் அழகர் டிரையரைத் திறந்து பார்த்தார். விசிறித் தண்டில் மயிரிழை போல ஒரு வெடிப்பு இருந்தது. புதுத் தண்டைப் பூட்டியதும் காய்ச்சல் இறங்கியது. அதன்பின் ஞாயிறு தவறாமல் பொன்னுத்துரை வந்தார். காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓர் அவுன்ஸ் கொயினாவும் ஒரு நாள் சீட்டும் உண்டு. ஏழு வருடம் டிரையர் ஒரு வேலை நாள்கூட நிற்கவில்லை. யசோதாவுக்குப் பிறந்த சந்திரிகா அதே லயத்தில் தவழ்ந்து, நடந்து, ஓடித் திரிந்தாள். பொன்னுத்துரையைக் கண்டால் அழகர் தலைத்துண்டை எடுத்துக் கும்பிடுவார். வேண்டாம் என்றாலும் விடமாட்டார்.

1934 கார்த்திகையில் தெல்தெனியப் பக்கமிருந்து மலேரியா மேலேறி வந்தது. லயத்துக்கு லயம் ஆட்கள் படுத்தார்கள். மார்கழியில் பொன்னுத்துரை கடைசிப் போத்தல் கொயினாவோடு டிரையருக்கு முன்னால் வந்து நின்றார். மூடியைத் திறக்க அவருக்குக் கை வரவில்லை. அழகர் டிரையரைத் தடவிக்கொண்டே சொன்னார்: "ஆளுங்களுக்குக் குடுங்கையா. இது நம்ம புள்ள, பொறுத்துக்கும்."

அந்தப் போத்தலும் தீர்ந்த மறுநாள் சந்திரிகாவுக்குக் குளிர் நடுக்கம் கண்டது. நாலு கம்பளி போர்த்தியும் பல் கிட்டிக்கொண்டது. அழகருக்கு வேறு வழி தெரியவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு ஓடி, டிரையரின் வெதுவெதுப்பான முதுகில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். அரை மணி நேரத்தில் அவளுக்கு வியர்த்தது, கஞ்சி கேட்டாள். பொன்னுத்துரை வந்து பார்த்தபோது பிள்ளைக்குத் தொண்ணூற்றெட்டு, டிரையருக்கு நூற்று நாலு. மறுநாள் லயமே வந்தது. அடுத்த வாரம் தெல்தெனியவிலிருந்து மாட்டு வண்டிகளில் வந்தார்கள். சாய்ந்தவர்கள் எழுந்து நடந்து போனார்கள். அவர்களுடைய காய்ச்சல் டிரையரிலேயே தங்கியது. மூன்று மாதம் ஒரு கட்டை விறகு வைக்காமல் தேயிலை காய்ந்தது. துரை ஆட்சேபிக்கவில்லை.

நோய் ஓய்ந்ததும் பொன்னுத்துரை டிரையருக்கு ஒரு முழு வாரம் ஓய்வு எழுதினார். அழகர் சாவியை எடுத்துக்கொண்டு போனபோது ஸ்டோர் வாசலில் ஆட்கள் நின்றார்கள். பழந்துணியும் தேங்காய் மட்டையுமாக, பிழைத்தவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு தட்டு, ஆளுக்கொரு ஆணி என்று கழற்றி, துடைத்து, எண்ணெய் பூசிப் பூட்டினார்கள். சந்திரிகா எண்ணெய்க் கிண்ணத்தைக் கழுவினாள். அழகர் பக்கத்தில் நின்று அழுதுகொண்டே இருந்தார். எந்த ஆணி எங்கே என்று சொல்ல மட்டும் அழுகையை நிறுத்தினார்.

கடைசி நாள் கொடுத்த சீட்டை, எழுத்துத் தெரியாத அழகருக்குச் சந்திரிகா எழுத்துக் கூட்டி வாசித்தாள். பெயர்: டிரையர். தகப்பன் பெயர்: அழகர். காய்ச்சல் இல்லை, வேலைக்குப் போகலாம்.

திங்கட்கிழமை காலை, வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில் கணக்கப்பிள்ளை சந்திரிகாவின் தாயைக் கூப்பிட்டார், சின்னமுத்துவைக் கூப்பிட்டார், பிறகு டிரையரைக் கூப்பிட்டார். "வந்திருக்குங்க" என்றார் அழகர். கணக்கப்பிள்ளை வரவுக் கோடு போட்டுவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார்.