கூட்டம் போனபிறகு

லிவிங்ஸ்டன் ஊர்க்காரர்களுக்கு ஒரு வீம்பு உண்டு. யெல்லோஸ்டோன் பூங்கா வாசல் ஒரு மணி நேரத் தூரம்தான். ஆனாலும் கோடையில் எவனும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான். அது வெளியூர்க்காரர்களின் காலமாம். இந்த வீம்பில் ஹார்லன் எல்லாரையும் மிஞ்சியவர். அங்கே இருக்கிற பெரிய வண்ண வெந்நீர்க் குளத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர் மனைவி வெர்னா கல்யாணமான வருஷத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "கூட்டம் போகட்டும்" என்பார். கூட்டம் போனதும் மான் வேட்டை வந்துவிடும், பிறகு பனி விழுந்து சாலையை மூடிவிடும். இப்படியே நாற்பத்தொரு வருஷம் ஓடிவிட்டது.

இப்போது செப்டம்பர் முடிகிறது. வெர்னாவின் நுரையீரல் கிறிஸ்துமஸைத் தாண்டாது என்று டாக்டர் இருவரையும் உட்காரவைத்தே சொல்லிவிட்டார். ஹார்லன் சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்தார். வியாழக்கிழமை கிளம்புவது, பிளாஸ்கில் சூப், பின்சீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர். வெர்னா மூக்கில் குழாயோடு உட்கார்ந்து எந்தக் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொள்வது என்று யோசித்தாள். அவள் முகத்தைப் பார்க்க ஹார்லனுக்கு ஆசையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

சாலை திறந்திருக்கிறதா என்று கேட்க டுவெய்னுக்குப் போன் போட்டார். பூங்காச் சாலைகளில் முப்பது வருஷம் பனி தள்ளிய ஆள்.

"ரோடு கெடக்கட்டும். எதைப் பாக்கப் போற?"

"வண்ணக் குளம். வெர்னாவுக்காக."

"இந்தக் குளிர்லயா? வெறும் ஆவிதான்டா தெரியும்! கலர் பாக்கணும்னா ஜூலை மத்தியானம், வெயில் மண்டையைப் பொளக்கும்போது போகணும். இதுகூடத் தெரியாமலா இத்தனை வருஷம் இங்க குப்பை கொட்டுன?"

ஹார்லன் போனை வைத்தார். இத்தனை வருஷமும் அவர் காத்திருந்தது தப்பான மாதத்துக்கு. அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் டுவெய்ன் கத்தியது சமையலறை முழுக்கக் கேட்டிருந்தது.

"ஜூலையா?" என்றாள் வெர்னா.

"பரவால்ல, போலாம். காத்தடிச்சா ஆவி கொஞ்சம் விலகும்..."

"ஆவியப் பாக்க அவ்வளவு தூரம் போகணுமா? அதை நம்ம கெட்டில்லயே பாத்துக்கறேன், கிழவா. ஜூலைக்குப் பூங்காவுக்குள்ளயே ரூம் போடு. இப்பவே போடலன்னா கெடைக்காது."

"வெர்னா, ஜூலைன்னா..."

"எனக்குத் தெரியும். போன் போடு."

அவர் போட்டார். விடுதிப் பெண் தேதியைக் குறித்துக்கொண்டு, எத்தனை பேர் என்று கேட்டாள். ஹார்லன் வெர்னாவைத் திரும்பிப் பார்த்தார். வெர்னா கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

"ஒரே ஆளுதாம்மா," என்றாள் மூச்சு வாங்க. "வயசானவர். முட்டி வலி, மாடி ஏறமாட்டார். கீழ ரூமா பாத்துக் குடு."