யாராவது கத்துவார்களா

ஒரு சர்வர் கணினி இன்னும் யாருக்காவது வேண்டுமா என்று தெரியாவிட்டால், அதன் இணைப்பைப் பிடுங்கிவிட்டு யார் கத்துகிறார்கள் என்று பார்ப்பது கணினித் தொழிலின் வழக்கம். கூட்டம் போட்டுக் கேட்டால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். துர்டிஸே எத்தனையோ சர்வர்களை அப்படிக் கொன்றவள்தான். இந்த முறை அவளே பராமரித்துவந்த சர்வரைப் பிடுங்கச் சொன்னான் மேலாளன் எஸ்கில்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம். ஒருத்தர் கத்தினாக்கூடப் போதும், திரும்பச் சொருகிடலாம். நீயும் இருக்கலாம். இல்லேன்னா..."

"சர்வர் பழைய இரும்புக்கு, நான் வீட்டுக்கு. சொல்லேன், முத்தா உதிர்ந்துடும்?"

அவள் வேலை பார்த்த பெயின்ட் கம்பெனியின் விற்பனைக் கணக்கு மொத்தமும் டிரம்மன் நகரத் தலைமை அலுவலகத்தில் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. நார்வே முழுக்கக் கிளைகளில் உள்ள கணினிகள் கேள்வி கேட்கும். சர்வர் கணக்குப் போட்டு அறிக்கையாகத் திருப்பி அனுப்பும். கொஞ்சம் தாமதித்தால் போதும், துர்டிஸின் போன் அலறும். எரிச்சல்தான். ஆனால் கணவன் பிரிந்துபோன பிறகு அவளைத் தேடி வந்த குரல்கள் அவை மட்டுமே.

இப்போதெல்லாம் கிளைகள் புது மென்பொருளுக்கு மாறிவிட்டன. வாரம் ஓடியது, போன் அடிக்கவில்லை. உணவறைக்குப் போனால் அழைப்பு தவறிவிடுமோ என்று மேசையிலேயே ரொட்டியைத் தின்றாள். போன் கெட்டுவிட்டதோ என்று கைபேசியிலிருந்து தானே அடித்துப் பார்த்தாள். நன்றாகவே அடித்தது. அவமானமாக இருந்தது.

வெள்ளி மதியம் நிஜமாகவே அடித்தது.

"பூடோ கிளையிலேர்ந்து பேசறேன்," என்றாள் ஒருத்தி. "இங்க ஒரு கணினி, சர்வரைக் காணோம், சர்வரைக் காணோம்னு கூவி உயிரை வாங்குது!"

துர்டிஸுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "இதோ, இப்பவே சரி பண்ணிடறேன். உங்களுக்கு எந்த அறிக்கை வேணும்?"

"அறிக்கையா? அதை யாரு பாக்கறா? ரிட்டயர் ஆகிப் போனவரோட கணினிங்க இது. அதுபாட்டுக்குத் தானா எதையோ கேட்டுக்கிட்டிருக்கு. இதோட வாயை எப்படி அடைக்கறது, அதைச் சொல்லுங்க."

பூடோ கத்தியது என்று எஸ்கிலிடம் சொன்னால் போதும். யார் விசாரிக்கப் போகிறார்கள்?

"பின்னாடி தடியா ஒரு ஒயர் இருக்கும். பிடுங்கிடுங்க," என்றாள் துர்டிஸ்.

"அப்பாடா!" என்ற சத்தம் கேட்டது. அத்தோடு பூடோக்காரி போனை வைத்துவிட்டாள்.

மாலையில் எஸ்கில் தலையை நீட்டினான். "யாராவது கத்தினாங்களா?"

"கத்தினாங்க," என்றாள் துர்டிஸ். "நிறுத்தச் சொல்லி."