காவலுக்கு வந்த அந்தோணியார்

நிலக்கரி யார்டின் பின்சுவரை ஒட்டிக் கிடந்த குப்பைமேட்டைத் தண்டையார்பேட்டையில் யாரும் ஓர் இடமாகவே நினைத்ததில்லை. காற்றடித்தால் கரித்தூள் தெருவுக்குள் வரும். சோற்றிலும் விழும், கைக்குழந்தையின் மூக்கிலும் ஏறும். துறைமுகத்தில் பாரம் தூக்கும் வின்ச் ஓட்டிய சவரிநாதனின் மனைவி ரோசிக்கு மூச்சு இழுப்பு. தூசி ஆகாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். தூசி இல்லாத தெரு எங்கே கிடைக்கும் என்று மட்டும் அந்த மகானுபாவர் சொல்லவில்லை.

அறுபத்தெட்டாம் வருஷம் சவரிநாதனும், தகரப் பட்டறை வைத்திருந்த அவன் சிநேகிதன் காஜா மொய்தீனும், தெரு ஆட்கள் பத்துப் பேரும் ஞாயிறுதோறும் மண்வெட்டியோடு இறங்கினார்கள். புங்கன், பூவரசு, நாவல், வேம்பு என்று இந்த மண்ணுக்குப் பழகிய மரமாகப் பார்த்து நெருக்கி நட்டார்கள். தள்ளித் தள்ளி வைத்தால் கரி உள்ளே பூந்துவிடும், காடாக நின்றால்தான் தடுக்கும் என்பது காஜாவின் யோசனை.

கன்றுகளுக்கு எமனாக வந்தது மனுஷன்தான். விடிந்தால் தெருவே அந்தச் சுவரோரம் ஒதுங்கும். மூத்திரத்திலேயே முப்பது கன்று கருகிப் போனது. கெஞ்சினார்கள், சண்டை போட்டார்கள், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் சவரிநாதன் தன் வீட்டு அந்தோணியார் சுரூபத்தைக் கொண்டுவந்து, சுவரில் நாலு செங்கலைப் பெயர்த்து, அந்தக் குழியில் வைத்தான்.

காஜா சிரித்துவிட்டான். "இன்னா மாமு, சாமிய வாட்ச்மேன் ஆக்கிட்டே?"

"நம்ம பேச்ச எவன் கேக்கறான் பாய்? அவருக்காச்சும் பயப்படட்டும்."

பயந்தார்கள். மறுநாளே சுவரோரம் சுத்தமானது. நாலு வருஷத்தில் மரங்கள் சுவரைத் தாண்டின. கொடியில் காய்ந்த வேட்டி வெள்ளையாகவே வீட்டுக்குள் வந்தது. ரோசி இரண்டு மழைக்காலம் இழுப்பில்லாமல் தூங்கினாள்.

அப்போதுதான் தெருக்கோடி குப்பம்மாவின் ஆடு காணாமல் போனது. தொலைந்ததைத் தேடித் தருபவர் அந்தோணியார் என்று யாரோ சொல்ல, அவள் மெழுகுவத்தி ஏற்றி அழுதாள். திரும்பிப் பார்த்தால், ஆடு பின்னால் நின்று நாவல் கொழுந்தை மென்றுகொண்டிருக்கிறது! தழைக்கு ஆசைப்பட்டு மரங்களுக்குள் புகுந்த ஆடு வேறெங்கே இருக்கும்? அதை யார் யோசித்தார்கள்? அற்புதம், அந்தோணியார் செய்த புதுமை என்றார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை நாற்பது பேர், ஆறு மாதத்தில் நானூறு பேர்.

கமிட்டி முளைத்தது. அருள்பிரகாசம் என்பவர் தலைவரானார். ஒரு ஞாயிறு தண்ணீர்க் குடத்தோடு வந்த காஜாவை, "பாய், இது இப்ப கோயில் எடம். நாங்க பாத்துக்கறோம்" என்று வெளியிலேயே நிறுத்தினார்கள். சவரிநாதன் பக்கத்தில்தான் நின்றான். அவிழாத வேட்டியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டான். காஜா குடத்துத் தண்ணீரை அங்கேயே கொட்டிவிட்டுப் போனான். அப்புறம் வரவேயில்லை.

எழுபத்தைந்தில் சுரூபத்துக்குக் குகை மாதிரி ஒரு கெபி கட்டத் தீர்மானமானது. ஜனம் உட்கார இடம் வேண்டுமாம், மரங்களை எடுக்க வேண்டுமாம். சவரிநாதன் போய்ச் சுரூபத்தைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"இது என் வூட்டு சாமி. நான் இட்டுகினு போறேன். மரத்த வுட்ருங்க."

"இத்தினி ஜனம் கும்புடுது, உன் வூட்டு சாமியா நைனா?" அருள்பிரகாசத்தின் குரல் ஏறியது. கூட்டம் நெருங்கியது.

அவன் கையிலிருந்து சுரூபத்தைப் பிடுங்கியது ரோசிதான். தன் இழுப்பை நிறுத்தியது அந்தோணியார் என்று அவள் நம்பினாள். மரம் நிறுத்தியது என்று அவளிடம் யார் சொல்வது?

அருள்பிரகாசம் சவரிநாதனுக்கு மாலை போட்டுக் கோடாலியை நீட்டினார். "சாமிய இங்க கொண்டாந்தவன் நீ. மொத வெட்டு உன்னுது." எல்லோரும் கைதட்டினார்கள். பாழாய்ப்போன கை, வாங்கிக்கொண்டது. காஜா நட்ட புங்கன்தான் முதலில் விழுந்தது.

சாயங்காலம் சவரிநாதன் பட்டறைக்குப் போனான். காஜா தகரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் தடுத்திருந்தா, பாய்க்கு நம்ம கோயில்ல இன்னா வேலன்னு கேட்டிருப்பாங்க. உன்ன எவன் கேட்டிருப்பான் மாமு? என்ன வெளிய நிறுத்துன அன்னிக்கே நீ வாயத் தொறந்திருக்கலாம்."

சுத்தியல் மறுபடி தட்டத் தொடங்கியது. சவரிநாதன் நின்றுகொண்டே இருந்தான். காஜா அவனை உட்காரச் சொல்லவில்லை.