காப்புக்காட்டில் ஒரு விறகுச் சுமை

1

இந்தக் கதை ஆரணி பஸ் ஸ்டாண்டில் கிடைத்தது. 2002 கோடை. படவேடு பஸ்ஸுக்காக நின்றிருந்த வனக் காவலர் ஒருவரின் புருவங்கள் கருகியிருந்தன. என்ன ஆயிற்று என்றேன். "மலைல நெருப்புங்க" என்றார். அதற்குள் பஸ் வந்துவிட்டது. மீதியெல்லாம் என் கற்பனை.

2

மலை எரிந்துகொண்டிருந்தது, வானம் செந்நிறமாய்...

(வேண்டாம். வானத்தை விட்டு மனிதர்களிடம் போகலாம்.)

அந்தக் காவலருக்கு ராஜ்குமார் என்று பெயர் வைத்தேன். சேவூரில் பட்டுத்தறி வீட்டுப் பிள்ளை. காக்கி உடுத்தி ஜவ்வாது மலைக்குப் போனவனுக்கு மரங்கள்மேல் பிரியம் வந்துவிட்டது. கெடுபிடியும் அதனால்தான். காப்புக்காட்டில் விறகு வெட்டிய பச்சையப்பனைப் பிடித்துப்போய் ஆபீஸ் வாசலில் நாள் முழுக்க உட்காரவைத்தான். (முதல் வரைவில் ராஜ்குமாரைக் கொடுமைக்காரனாக்கியிருந்தேன். எழுதச் சுலபமாக இருந்தது, நம்பத்தான் முடியவில்லை.)

3

மறுவாரம் சரிவில் தீப்பிடித்தது. அணைக்க ஆளில்லை. ராஜ்குமார் பச்சையப்பனின் ஊருக்குத்தான் ஓடினான். பச்சையப்பன் வீட்டு வாசலில் அவன் மனைவி கண்ணகி நின்றிருந்தாள்.

"ஆளுங்க வேணும்மா. ஜல்தி வாங்க."

"காட்டுக்குள்ள கால வெச்சா கேஸுன்னு நீங்கதான சார் சொல்லிகினு இருந்தீங்க. இப்ப அணைக்க வந்தா அதுக்கும் கேஸ் போடுவீங்களா?"

'போட மாட்டேன்' என்று எழுதிப் பார்த்தேன். அப்படி வாக்குக் கொடுக்கும் அதிகாரம் அவனுக்கு இல்லை. அடித்துவிட்டேன்.

"தெரிலம்மா" என்றான்.

பச்சையப்பன் வெளியே வந்தான். ராஜ்குமாரின் முகத்தைப் பார்க்கவில்லை. "நம்ம சாமி மரம் அந்தப் பக்கந்தான் கீது" என்று மனைவியிடம் சொன்னான். "வா."

பச்சைக் கிளைகளை ஒடித்துக்கொண்டு ஊரே இறங்கியது. பொழுது சாய்வதற்குள் தீ அடங்கியது.

4

ரேஞ்சர் வந்து சேர்ந்தார்.

"ரிசர்வுக்குள்ள இத்தினி பேரா? இதுல யார் தீ வெச்சதுன்னு விசாரி."

"நான்தான் சார் கூட்டிகினு வந்தேன்."

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கல சார்."

ரேஞ்சர் ராஜ்குமாரின் தீப்பட்ட கையைப் பார்த்தார். "கைக்கு மருந்து போடு" என்றார். ஜீப்பில் ஏறிய பிறகு சொன்னார்: "நாளைலேர்ந்து ஒருத்தரும் உள்ள வரக்கூடாது."

5

ஊருக்கு விருது கிடைப்பதாக ஒரு முடிவு எழுதினேன். ராஜ்குமாருக்கு வேலை போவதாக இன்னொன்று. இரண்டையும் கிழித்தேன். சட்டம் மாறவில்லை, அடுப்பும் எரிந்தாக வேண்டும்.

சில நாள் கழித்து, ஒற்றையடிப் பாதையில் கண்ணகி விறகோடு வந்தாள். எதிரே ராஜ்குமார். இருவரும் நின்றார்கள்.

"கனக்குது சார். சொல்லிடுங்க. எறக்கவா, போவவா?"

அவன் வாய் திறந்தான்.

அடுத்த வரி உங்களுடையது. நிதானமாக யோசியுங்கள், ஆனால் சுமை இன்னும் அவள் தலையில்தான் இருக்கிறது.