மூக்கரின் கையெழுத்து

மாதுளைத் தோலை யார் மதிப்பார்கள்? அந்தத் தொழிற்சாலை மதித்தது. பழச்சாறு கடைகள் கழிக்கிற தோலை மூட்டை மூட்டையாக வாங்கி, காயவைத்து, உடைத்து, ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு, சத்தை இறக்கிப் பழுப்புப் பொடியாக்கி மாத்திரைக் கம்பெனிகளுக்கு விற்றது. ஆன்டி ஆக்ஸிடென்ட் என்பார் மேலாளர். உடம்பு துருப்பிடிக்காமல் காக்குமாம். பொடி செய்கிறவர்கள் துருப்பிடித்துப் போனால் கேட்க நாதியில்லை, அது வேறு கதை.

மிஞ்சுகிற சக்கை மாட்டுத் தீவனமாகப் போகும். அதற்கு முன்னால் நீராவி விட்டு ஸ்பிரிட்டை முழுக்க ஓட்டிவிட வேண்டும்; அது விஷம். ஓடிவிட்டதா என்று பார்க்கிற கருவி பழுதாகி அலமாரியில் கிடந்தது. மூக்கர் இருக்கும்போது கருவி எதற்கு? ஒரு கைப்பிடி அள்ளி மோந்து அவர் கையெழுத்துப் போட்டால்தான் வண்டி வாசலைத் தாண்டும். இருபது வருடத்தில் ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. பட்டப்பெயரே அப்படி வந்ததுதான்.

ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்து அந்த மூக்கைக் கொண்டுபோய்விட்டது. பூண்டும் தெரியவில்லை, சாக்கடையும் தெரியவில்லை. மனிதர் மனைவியிடம்கூட மூச்சுவிடவில்லை. மோப்பம் போன மூக்கருக்கு யார் வேலை கொடுப்பார்கள்? கடிகாரத்தைப் பார்த்து நீராவியை அரைமணி கூடுதலாக விட்டார். பிறகு வழக்கம்போல அள்ளி, கண்ணை மூடி மோந்து, தலையை ஆட்டினார். பாவி மனிதர், ஒவ்வொரு தடவையும் பயந்து பயந்துதான் கையெழுத்துப் போட்டார். முந்தாநாள் நீராவிக் குழாய் பாதி அடைத்துக்கொண்டதைக் கடிகாரமா வந்து சொல்லும்?

இன்று சாயங்காலம் மைத்துனன் வந்தான். கையில் வாய் கட்டிய பிளாஸ்டிக் பை, வெயிலில் உப்பியிருந்தது. முகம் செத்துப்போயிருந்தது.

"ரெண்டு மாடு போச்சு மாமா. மூணாவதுக்குக் கண்ணு தெரியல, சுவத்துல போய் முட்டுது."

"என்னடா சொல்ற?" என்றபடி அவன் அக்கா சமையலறையிலிருந்து வந்தாள்.

"நேத்து நான் வெளியூர்ல இருந்தேன். இவங்க கம்பெனிச் சக்கையைத்தான் என் பொண்டாட்டி மாட்டுக்கு வெச்சிருக்கா. டாக்டர் தீவனத்தைச் சந்தேகப்படுறார். நீ என்ன கலந்தேன்னு அவளை வாய்க்கு வந்தபடி ஏசிட்டேன். மாமா மோந்து விட்டதுல தப்பு இருக்காதே. மிச்சச் சக்கை இந்தப் பையில இருக்கு மாமா, நீங்களே பாத்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

மூக்கர் பையை வாங்கினார். வாசனை வருகிறது என்றால் வேலை போகும். வரவில்லை என்றால் பழி அந்தப் பெண் தலையில் விழும். அவருக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. பயம்தான் ஜெயித்தது. பையைப் பிரித்து, முகத்தை உள்ளே விட்டு, நெஞ்சு நிறைய இழுத்தார்.

"சுத்தமா இருக்கு மாப்ள. ஒரு வாசனையும் இல்ல."

நிமிர்ந்து பார்த்தார். மைத்துனன் இருமிக்கொண்டே நாற்காலியோடு பின்னால் நகர்ந்திருந்தான். அறையின் அந்தக் கோடியில் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள்.

"ஏழு மாசம்."

மைத்துனன் எழுந்தான். "இதே சக்கை இன்னைக்கும் வெளிய போச்சா?"

"நாலு வண்டி," என்றார் மூக்கர்.

மாடுகளுக்குத் தீவனம் வைக்கிற நேரம் தாண்டி அரைமணி ஆகியிருந்தது.