டீசல் இல்லை என்றவர்

வளைகுடாவில் எண்ணெய்க் கப்பல்களை மறித்துவிட்டார்கள் என்று காலைச் செய்தி சொல்லி முடிப்பதற்குள் கச்சிராயபாளையத்துப் பெட்ரோல் பங்க்கில் டிராக்டர்கள் வரிசை கட்டிவிட்டன. வேறு எதற்கும் வராத சுறுசுறுப்பு நம் ஜனங்களுக்கு இதற்கு மட்டும் வந்துவிடும்! கேனில் டீசல் தரமாட்டார்கள். அதனால் கரும்பு விவசாயி தீனதயாளன் டிராக்டர் டாங்கை நிரப்பி, வீட்டுக்குப் போய், மருந்தடிக்கும் ஓஸ் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, டீசலை டிரம்மில் இறக்கிவிட்டு, மறுபடியும் வரிசையில் வந்து நின்றார்.

"இன்னாங்க, இப்பத்தானே போட்டுக்கினு போனீங்க?" என்றார் பங்க் மேனேஜர் சின்னராசு. "லோடு வழக்கம்போலத்தான் வந்துச்சு. எல்லாரும் இப்பிடி உறிஞ்சினா எங்கங்க தாங்கும்?"

"பம்ப்செட்டு எஞ்சின் ஓடலன்னா கரும்பு காஞ்சிபூடும். நீயா வந்து தண்ணி ஊத்துவ?"

மத்தியானம் 'ஸ்டாக் இல்லை' பலகை தொங்கியது. அதற்குள் இன்னொரு முறையும் நிரப்பிக்கொண்ட திருப்தியோடு தீனதயாளன் திரும்பினார். அவருடைய தோட்டத்து வளைவில், கல்வராயன்மலையிலிருந்து இறங்கிய பிக்கப் வேன் ஒன்று தார்ப்பாய் மூடி நின்றுகொண்டிருந்தது. டிரைவர் கைகூப்பியபடி ஓடிவந்தான்.

"அண்ணா, பிரசவ கேஸ்ணா. டீசல் தீந்துபோச்சு. பங்க்குலயும் இல்லன்ட்டாங்க. கொஞ்சம் குடுங்கண்ணா, எவ்ளோ கேட்டாலும் தர்றேன்."

இன்றைக்கு டீசல் கேட்கிறவன் எவன் உண்மை சொல்லப்போகிறான் என்று நினைத்தார் தீனதயாளன். தார்ப்பாய்க்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. டிராக்டர் சத்தத்தில் வேறெதுவும் காதில் விழவுமில்லை.

"என் டாங்கே காலிப்பா," என்று வாய்கூசாமல் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் மனைவி செந்தமிழ்ச்செல்வி போனைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தாள். "ஏங்க, நம்ம கரும்பு வெட்டற அம்மாசி மலையில கட்டிக்குடுத்த பொண்ணுக்கு கொழந்த செத்துப் பொறந்துச்சாம். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரில இருக்காங்களாம்."

தீனதயாளன் பதறிக்கொண்டு போனார். வார்டு வாசலில் அம்மாசி உட்கார்ந்திருந்தார்.

"வண்டி டீசல் இல்லாம நின்னுபூச்சுங்க. உங்க தோட்டத்துகிட்டதான். பால் வண்டிக்காரர் ஏத்திக்கினு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிபூச்சு. ஒரு டிராக்டர்காரர்கிட்ட கெஞ்சிப் பாத்தாங்களாம். பாவம், அவருக்கும் இல்லையாம்."

தீனதயாளன் அம்மாசியின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஐயோ, தன்னைப் போய்ப் பாவம் என்கிறாரே!

"இருந்துச்சு அம்மாசி. டாங்கு நெறைய இருந்துச்சு. வூட்ல டிரம்மு டிரம்மா இருக்குது. அந்த ஆளு நான்தான்."

அம்மாசி நம்பாமல் பார்த்தார். "ஏங்க இல்லன்னு சொன்னீங்க?" என்று கேட்டார்.

"எங்கியோ எவனோ கப்பல மறிச்சான்னு பயந்து, இங்க உன் பொண்ணு வண்டிய நான் மறிச்சிட்டேன். அடுத்தவன் எண்ணெய நம்பி வண்டி ஓட்டற வரைக்கும் அவன் நம்மள ஆட்டி வெச்சிக்கினுதான் இருப்பான். அத மாத்தறதுக்கு வருசக்கணக்கா ஆவும். அதுவரைக்கும் இருக்கறத பகிர்ந்துக்கினா எல்லாரும் பொழைக்கலாம். பதுக்கினா, வெளிநாட்டுக்காரன் வர வேணாம், நம்ம புள்ளைங்கள நாமளே கொன்னுடுவோம்."

அம்மாசி எழுந்தார். மகள் இருந்த வார்டுக்குள் நுழையும்போது திரும்பிப் பார்த்தார்.

"இத மத்தியானம் நெனச்சிருக்கக் கூடாதாங்க?"