உபயம்: வைத்திலிங்கம்

சிதம்பரத்தில் வைத்திலிங்கத்தின் பெயரைப் படிக்காமல் ஒருவர் வாழ்ந்துவிடலாம்; செத்த பிறகு தப்ப முடியாது. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் வந்து இறங்குகிற ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடியில் ‘உபயம்: அறப்பணிச் செம்மல் வைத்திலிங்கம், சிமெண்ட், கம்பி வியாபாரம்’ என்று சிவப்பில் எழுதியிருக்கும். மாலையோடு வருகிறவர்கள் சிமெண்டுக்கும் கம்பிக்கும் நடுவே குனிந்துதான் போனவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். அவர் வாங்கிக் கொடுத்த தெருமுனை ட்யூப்லைட்டிலோ, பெயர் போக மிச்சமிருந்த இடத்தில் வெளிச்சம் வந்தது.

செம்மல் பட்டத்தை யார் கொடுத்தது என்று கேட்டால், ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் அவருடைய மச்சான் பழனிவேல் ஒளிக்காமல் சொல்வான்: “நான்தான். போர்டுல கொஞ்சம் எடம் பாக்கி இருந்துச்சு.”

இப்படிப்பட்டவரிடம்தான் அமராவதி வந்தாள். கிள்ளையில் தையல் கடை வைத்திருப்பவள். அவள் அப்பா தேவசகாயம் ரயில்வேயில் வேலை பார்த்து, வாயைக் கட்டி வாங்கிய நெல் வயல் பிச்சாவரம் போகிற வழியில் இருந்தது. பக்கத்தில் ஒரு கம்பெனி இறால் குட்டை வெட்டி உப்புத் தண்ணீரைத் தேக்க, வயல் பாழானது. நஷ்டஈடு கேட்டு கடலூர் கோர்ட்டில் வழக்குப் போட்டிருந்தாள். மண்ணைச் சோதிக்கவும், நிபுணரைக் கூப்பிடவும், வாய்தாவுக்கு வாய்தா அலையவும் இனி அவள் கையில் ஒன்றுமில்லை.

உதவி கேட்டு வருகிறவர்கள் கண் கலங்குவார்கள் என்பது வைத்திலிங்கத்தின் அனுபவம். அதற்கென்றே மேஜையில் டிஷ்யூ பெட்டி வைத்திருந்தார். அதிலும் பெயர் உண்டு. அமராவதி கலங்கவில்லை. ஒரு பொட்டலத்தைப் பிரித்து மேஜைக் கண்ணாடி மேல் மண்ணைக் கொட்டினாள்.

“நாக்குல வச்சுப் பாருங்க சார்.”

ஊரே ‘ஐயா’ என்கிற இடத்தில் ‘சார்’ என்றது அவருக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும், ஏனென்று தெரியாமலே, ஒரு துளி எடுத்து வைத்துப் பார்த்தார். முகம் கோணியது.

“இதுல நெல்லு வெளையுமா சார்?”

“எப்புடி வெளையும்?”

“அதத்தான் கோர்ட்டுல சொல்லணும். சொல்றதுக்குத்தான் செலவாவுது.”

வைத்திலிங்கத்துக்குள் இருந்த வள்ளல் எழுந்து உட்கார்ந்தார். கூடவே கம்பி வியாபாரியும் எழுந்தார். வழக்குச் செலவு முழுக்க அவருடையது. ஜெயித்தால் நஷ்டஈட்டில் பாதி அவருக்கு. அவரைக் கேட்காமல் சமாதானம் பேசக் கூடாது. இப்படி ஒப்பந்தம்.

அமராவதியின் வக்கீல் மாலதி தலையில் கை வைத்துக்கொண்டாள். “சார், நான் பங்கு கேட்டா என் கோட்டக் கழட்டிடுவாங்க. வக்கீல் கேஸ்ல பங்கு வாங்கக் கூடாது. வெளியாளு பணம் போடறத நம்ம சட்டம் தடுக்கல. ஆனா இது அநியாயப் பேராசைன்னு ஜட்ஜுக்குப் பட்டுச்சுன்னு வைங்க, ஒப்பந்தம் செல்லாதுன்னு தூக்கிப் போட்டுடுவாரு. பாதி ஜாஸ்தி சார்.”

“கம்பி வெல ஏறிப்போச்சேம்மா,” என்றார் வைத்திலிங்கம்.

அமராவதி ஒரு வரி விடாமல் படித்தாள். “பாதியா,” என்று மட்டும் கேட்டாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

வழக்கு நகர்ந்தது. வைத்திலிங்கத்துக்குத்தான் தூக்கம் போனது. பெஞ்சு கொடுத்தால் பெஞ்சில் எழுதலாம், ஃபேன் கொடுத்தால் இறக்கையில் எழுதலாம். வழக்கில் எங்கே எழுதுவது? பணம் போகிறது, ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியவில்லை.

“இதுக்கா மாமா கவலப்படறீங்க?” என்றான் பழனிவேல்.

அடுத்த வாய்தாவன்று கடலூரில் கோர்ட்டுக்குத் திரும்புகிற ரோட்டில் ஒரு ஃப்ளெக்ஸ் நின்றது. கண்ணைக் கட்டிய நீதி தேவதை. பக்கத்தில், அவளை விட ஒரு முழம் உயரமாக, கறுப்புக் கண்ணாடி போட்ட வைத்திலிங்கம். ‘ஏழை அமராவதியின் நீதிப் போர். முழுச் செலவும் உபயம்: அறப்பணிச் செம்மல்.’ அமராவதியின் படம் மூலையில் தபால்தலை அளவில் இருந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கி வந்த அமராவதி அதை நிதானமாகப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற வைத்திலிங்கத்திடம் திரும்பினாள்.

“நான் இன்னா ட்யூப்லைட்டா சார், எம்மேல ஒங்க பேர எழுதறதுக்கு?”

“ஒன் நல்லதுக்குத்தாம்மா. நாலு பேருக்குத் தெரிஞ்சா கேஸுக்கு ஒரு வெயிட்டு.”

“பாதியும் வேணும், உபயமும் வேணுமா? ரெண்டுல ஒண்ண வச்சுக்குங்க சார்.”

வைத்திலிங்கம் பழனிவேலைக் கூப்பிட்டு ஃப்ளெக்ஸைக் கழற்றச் சொன்னார். அதற்குள் கம்பெனி வக்கீல் ஸ்ரீதர் அதைப் படம் பிடித்திருந்தார். அங்கியை விடக் கனமான இங்கிலீஷ் பேசுகிறவர். அவர் போட்ட மனுவின் சாரம் இதுதான்: இது அமராவதியின் வழக்கே அல்ல, விலைக்கு வாங்கிய வழக்கு, தோற்றால் எங்கள் செலவைக் கொடுக்க அந்தம்மாவிடம் ஒன்றுமில்லை, பணம் போட்டவர் திரைக்குப் பின்னால் மறைந்திருக்கிறார், ஆகவே தள்ளுபடி செய்யவேண்டும். மறைந்திருக்கிறார் என்பதற்குச் சாட்சியாக அந்தப் பிரம்மாண்டமான ஃப்ளெக்ஸின் படத்தை இணைத்திருந்தார்.

மனு விசாரணைக்கு வந்த நாள். கோர்ட் வராந்தாவில் கேட்காமலே யோசனை சொல்கிற ஆள் ஒருவர் எப்போதும் உண்டு. அவர் அமராவதியிடம் குனிந்தார். வைத்திலிங்கம் தூணுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தார்.

“ஏம்மா, ‘புரியாம போட்டுட்டேன், அந்தாளு ஏமாத்திட்டாரு’ன்னு ஒரு வார்த்த சொல்லு. ஒப்பந்தம் காலி. முழுசும் ஒனக்கு. அந்தாளு போட்டது போட்டதுதான்.”

அமராவதி என்ன பதில் சொன்னாள் என்று கேட்பதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். அவள் இடத்தில் தான் இருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்பது வைத்திலிங்கத்துக்கு நன்றாகத் தெரியும்.

ஸ்ரீதர் பேசி முடித்ததும் நீதிபதி சொன்னார்: “அடுத்தவங்க கேஸுக்குப் பணம் குடுக்கறது குற்றமில்ல வக்கீல் சார். ஆனா பேரம் என்னன்னு கோர்ட்டுக்குத் தெரியணும். நீங்க சொல்லுங்கம்மா. உங்கள ஏமாத்தி வாங்கினாங்களா?”

“இல்லிங்க. படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.”

“பாதி குடுக்கறேன்னு சம்மதிச்சீங்களா?”

“ஆமாங்க. ஜாஸ்திதான். ஆனா எங்க சொந்தக்காரங்க, சங்கத்துக்காரங்க, எல்லார் வாசலும் ஏறி எறங்கினேன். மண்ண நாக்குல வச்சுப் பாத்தது இவரு ஒருத்தருதான். கேக்கறத மூஞ்சிக்கு நேரா கேட்டாரு. நான் இப்ப மாத்திச் சொன்னா, நாளைக்கு என் வயலப் பத்தி நான் சொல்றத நீங்க ஏன் நம்பணும்?”

ஸ்ரீதர் ஃப்ளெக்ஸின் படத்தை மனுவுக்கு அடியில் தள்ளினார். அமராவதி ஒப்பந்தத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் வைத்திலிங்கத்துக்காகத் தன் பங்கையே பணயம் வைத்து நிற்கிறாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன் பேரை இத்தனை அழகாக எந்த பெயிண்டரும் எழுதியதில்லை என்று அவருக்குப் பட்டது.

நீதிபதி அவர் பக்கம் திரும்பினார். “போர்டுல உபயம்னு போட்டிருக்கு. ஒப்பந்தத்துல பாதின்னு இருக்கு. எது சார் நிஜம்?”

பின்வரிசையில் சிரித்தார்கள்.

“இந்தம்மா தோத்தா எதிர்த்தரப்புச் செலவ நீங்க ஏத்துக்கிட்டு, உங்களையும் வழக்குல சேத்துக்க சம்மதமா? இல்ல ஒதுங்கிக்கிறீங்களா?”

ஒதுங்கினால் இன்றோடு தலைவலி போகும். மண் சோதனையும் போகும், அமராவதியின் வழக்கும் போகும். வைத்திலிங்கம் எழுந்தார். செம்மல் எழுந்தால் வழக்கமாக ஒரு செருமலும் ஒரு வணக்கமும் உண்டு. இரண்டும் வரவில்லை.

“சேத்துக்குங்க. பாதியும் வேணாங்க. போட்டது வந்தாப் போதும்.”

“அது நியாயமில்லிங்க,” என்றாள் அமராவதி.

நீதிபதியே நிமிர்ந்து பார்த்தார்.

“தோத்தா அவருக்கும் நஷ்டம்னு ஆயிடுச்சு. சும்மா வாங்கிக்க எனக்குப் புடிக்கல. கால் பங்கு. சமாதானம் பேசறதுன்னா முடிவு என்னுது.”

எதிராளி விலையை ஏற்றிக் கொடுத்துப் பேரம் பேசி வைத்திலிங்கம் பார்த்ததில்லை. சரியென்று தலையாட்டினார். புது ஒப்பந்தத்தை எழுதித் தாக்கல் செய்யச் சொல்லி, அவரையும் வழக்கில் சேர்த்து, ஸ்ரீதரின் மனுவைத் தள்ளுபடி செய்தார் நீதிபதி. வயலைப் பார்த்து அறிக்கை கொடுக்க ஒரு வக்கீல் கமிஷனரையும் நியமித்தார்.

கமிஷனர் வந்த அன்று வைத்திலிங்கமும் வயலுக்குப் போனார். வரப்பெல்லாம் உப்புப் பூத்துக் கிடந்தது. அமராவதியின் கொட்டகை ஓரம் பழைய வைக்கோல் போர் மேல் ஏதோ பளபளத்தது. கிட்டப் போய்ப் பார்த்தார். அவருடைய ஃப்ளெக்ஸ்தான். எழுத்தெல்லாம் உள்பக்கம், வெள்ளை வெளிப்பக்கம்.

“பழனிவேல்கிட்ட கேட்டு வாங்கினேன் சார். மழ எறங்காம நல்லா தாங்குது,” என்றாள் அமராவதி.

“கெட்டித் துணிதான்,” என்றார் அவர். காற்றில் தூக்கிக்கொண்டிருந்த ஒரு முனையை இழுத்து, மேலே கல்லை எடுத்து வைத்தார்.

கமிஷனர் பேனாவோடு வந்தார். “நீங்க யாரு சார்?”

சட்டைப்பையில் பட்டமெல்லாம் அச்சடித்த விசிட்டிங் கார்டு இருந்தது. கை அதுவரை போய்த் திரும்பியது.

“அந்தம்மா கேஸ்ல ரெண்டாவது ஆளுங்க,” என்றார் வைத்திலிங்கம்.